12 மீற்றர் என்று சொல்லி 29 மீற்றரில் இறக்கினார்கள்: மூழ்கிய கப்பல் பார்க்கப் பணம் கட்டுவோர் கவனத்திற்கு

கொழும்புக்குத் தெற்கே, கடற்கரையோரமாகச் சுழியோடலுக்கு ஆட்களை அழைத்துச் செல்லும் ஒரு நிலையத்திடம் 84,000 ரூபாயை இழந்துவிட்டு, அந்தக் கோபம் ஆறுமுன்னரே இதை எழுதுகிறேன். பணம் போனது ஒரு பக்கம். 19 வயதுப் பிள்ளையொருவனை, அவனுடைய பயிற்சிக்கு மீறிய ஆழத்தில், அரைகுறைக் காற்றோடு இறக்கிவிட்டு, நியாயம் கேட்டபோது "கடல் என்றால் அப்படித்தான்" என்று கையை விரித்துவிட்டார்கள். நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இந்தப் பருவத்தில் கப்பல் பார்க்கப் போக நினைப்பவர்கள் நடந்ததை முழுமையாக வாசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

என் அக்காவின் மகன் லண்டனிலிருந்து விடுமுறைக்கு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். அங்கேயே 'ஓப்பன் வோட்டர்' எனும் சுழியோடலின் ஆரம்பநிலைச் சான்றிதழ் பெற்றவன். அந்தச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு விதந்துரைக்கப்படும் எல்லை 18 மீற்றர். கொழும்புக் கடலில் சுழியோடிகள் வழக்கமாகப் போகும் கப்பல்களுள் பல 30 மீற்றரை அண்டிய ஆழத்தில் கிடக்கின்றன என்பது எனக்குத் தெரியும். ஆகவே நிலையத்தில் கால் வைத்ததும் நான் கேட்ட முதற் கேள்வியே ஆழத்தைப் பற்றியதுதான். மேசையில் இருந்தவர் சிரித்த முகத்தோடு, "அண்ணா, தம்பிக்கு ஏற்ற கப்பல் இருக்கிறது. அடித்தரையே 12 மீற்றர்தான், வெளிச்சம் கீழே வரைக்கும் வரும்" என்றார்.

அவர் வெறும் வாயால் மட்டும் சொல்லியிருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன். மருமகனின் சான்றிதழ் அட்டையை வாங்கி, அதன் இலக்கத்தைப் பதிவேட்டில் எழுதினார். ஆஸ்துமா உண்டா, காதில் நோய் உண்டா என்று மருத்துவப் படிவத்தை ஒவ்வொரு வரியாக வாசித்து நிரப்பினார். விமானத்தில் வரும்போது காது அடைத்தது என்று பிள்ளை சொன்னதும், மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி அழுத்தத்தைச் சமப்படுத்துவது எப்படி என்று எழுந்து நின்று செய்து காட்டி, "காது வலித்தால் ஒரு மீற்றர் மேலே ஏறு தம்பி, வலியோடு ஒருபோதும் இறங்காதே" என்று தன் சொந்தத் தம்பிக்குச் சொல்வதுபோல் சொன்னார். பிறகு அந்தக் கப்பலென்று சொல்லிக் கைத்தொலைபேசியில் படங்களைக் காட்டினார்: உடைந்து பரந்து கிடக்கும் இரும்புத் தகடுகள், அவற்றுக்கு மேலே மீன் கூட்டம், நல்ல வெயில் வெளிச்சம். அந்தக் கணத்தில்தான் நான் நம்பினேன். இருவருக்கும் தலைக்கு இரண்டு தடவை இறங்குவதற்கு, படகும் உபகரணங்களும் சேர்த்து 84,000 ரூபாய். முழுத் தொகையையும் முன்கூட்டியே தனியார் ஒருவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். நிறுவனக் கணக்கில் ஏதோ மாற்றம் நடப்பதாகக் காரணம் கூறினார். பற்றுச்சீட்டில் கப்பலின் பெயரும் இல்லை, ஆழமும் இல்லை. "படகு டைவ், 2 பேர்" என்று மட்டும் இருந்தது.

குறித்த நாள் காலையில் அந்த மனிதரைக் காணவில்லை. படகு கடலுக்குள் நெடுந்தூரம் போன பிறகு, வழிகாட்டியாக வந்தவர், சொன்ன இடத்தில் நீரோட்டம் கடுமையாக இருப்பதால் "அதே மாதிரியான" இன்னொரு கப்பலுக்குப் போவதாக அறிவித்தார். உபகரணங்களை மாட்டும்போது பார்த்தால், காற்றழுத்தம் 200 பார் அளவில் இருக்க வேண்டிய சிலிண்டர், மருமகனுடையதில் 150 ஐத்தான் காட்டியது. கேட்டதற்கு, "ஆழம் குறைவுதானே, தாராளமாகப் போதும்" என்றார்.

ஆழம் குறைவாக இருக்கவில்லை. நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டுக் கணினி 18 ஐக் கடந்தது. கப்பல் இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. வழிகாட்டி நாங்கள் காட்டிய சைகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னே போய்க்கொண்டிருந்தார். பிள்ளை அவரைப் பின்தொடர்ந்தான், அவனைத் தனியே விட முடியாமல் நானும் பின்தொடர்ந்தேன். கப்பலின் மேற்தளத்தை எட்டியபோது கணினியில் 29 மீற்றர். கடல் மட்டத்தைவிட நான்கு மடங்கு அழுத்தம் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு மூச்சும் மேற்பரப்பில் எடுக்கும் மூச்சைவிட நான்கு மடங்கு காற்றைத் தின்றுவிடும். பயந்துபோன பிள்ளை வேகவேகமாக மூச்சுவிட்டதில் அவனுடைய அளவுமானி 70 க்கு இறங்கிவிட்டது. முள்ளைத் தன் விரலால் தட்டித் தட்டி எனக்குக் காட்டினான். அவனுடைய தோள்பட்டையைப் பிடித்து மேலே ஏறினேன். உடலில் கரைந்த வாயு மெதுவாக வெளியேறுவதற்காக 5 மீற்றரில் மூன்று நிமிடம் நின்று, படகைப் பிடித்தபோது 40 பார் மிச்சமிருந்தது.

இரண்டாம் தடவை இறங்க மறுத்தோம். "நீங்களாகத்தானே ஏறினீர்கள், அதற்குப் பணம் தர முடியாது" என்பது படகிலேயே கிடைத்த பதில். அதற்குப் பிறகு நிலையத்தில் கேட்டால், முதலாளி வெளியூர். முதலாளியைப் பிடித்தால், படகுக்கு எரிபொருள் செலவாகிவிட்டது. வட்ஸ்அப்பில் எழுதினால், படித்ததற்கான நீலக் குறி மட்டும் விழுகிறது. அன்று மூக்கைப் பிடித்துக் காட்டியவரோ, "நான் சம்பளத்துக்கு வேலை செய்பவன், அண்ணா" என்று தொலைபேசியை வைத்துவிட்டார். கடைசியில் பெரிய மனது பண்ணி, 84,000 ரூபாய்க்கு ஈடாக இன்னொரு தடவை வரலாமென்று ஒரு சீட்டு அனுப்பினார்கள். அது செல்லுபடியாகும் காலம் மே முதல் ஓகஸ்ட் வரை! தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும் மாதங்கள் அவை. அப்போது சுழியோடிகள் பாசிக்குடா, திருகோணமலைப் பக்கம்தான் போவார்கள். தாங்களே படகு இறக்காத காலத்துக்குச் சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் படங்களும் பொய். நீண்ட காலம் சுழியோடும் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். பார்த்தவுடனேயே, 1903 இல் மூழ்கிய கொன்ச் என்ற எண்ணெய்க் கப்பல் அது என்றார். அது கிடப்பது ஹிக்கடுவையில், கொழும்பிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றருக்கு அப்பால். அப்படியானால் 12 மீற்றர்க் கப்பல் என்ற ஒன்று இவர்களிடம் ஒருபோதும் இருந்ததில்லை. மேசையிலேயே பொய் சொல்லித்தான் 84,000 ரூபாயையும் வாங்கியிருக்கிறார்கள்.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன்; இப்போது முடியவில்லை. கப்பலின் பெயரையும் அடித்தரை ஆழத்தையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். தனியார் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். படகு கரையைவிட்டுப் புறப்படுமுன் ஒவ்வொரு சிலிண்டரின் அளவுமானியையும் பாருங்கள். கடலில் போய்ப் பார்த்துப் பயனில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்களை அழைத்துப் போனால், இரண்டு தடவை இறங்கியவர்கள் குறைந்தது 18 மணித்தியாலம் விமானம் ஏறக்கூடாது. இதையும் அங்கே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. நான் முறைப்பாட்டை எழுதிவிட்டேன். இதே போல் ஏமாந்தவர்கள் இருந்தால் நீங்களும் பற்றுச்சீட்டோடு எழுதுங்கள்.