வஞ்சிரமா ஷீலாவா? ரெண்டையும் முழுசா வாங்கி சமைச்சுப் பாத்தாச்சு

போன ஞாயித்துக்கிழமை விடியக்காலைல காசிமேடு போய் வஞ்சிரம் ஒண்ணு ஷீலா ஒண்ணு முழு மீனாவே வாங்கிட்டு வந்தேன். எதுக்குன்னா, ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஆப்ல வஞ்சிரம்னு ஆர்டர் போட்டு வந்த துண்டுல அந்த வாசமே இல்ல, தோல்ல அங்கங்க செதில் வேற ஒட்டிட்டு இருந்துச்சு, வஞ்சிரத்துக்கு கண்ணுக்குத் தெரியிற மாதிரி செதிலே கிடையாது, ஆனா வாங்கினது வஞ்சிர விலை. சித்தி ஊர்லேந்து வந்திருந்த நாள் அது, எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா போச்சு.

முதல்ல பேரு. சென்னைல ஷீலான்னா கோரப்பல்லு வச்ச பாரகுடா. தூத்துக்குடில போய் சீலா கேட்டீங்கன்னா வஞ்சிரத்தத்தான் எடுத்து குடுப்பாங்க, அங்க பாரகுடாவுக்கு ஊளின்னு பேரு. கன்னியாகுமரி பக்கம் அதே வஞ்சிரம் நெய்மீன். அதனால பேர மட்டும் சொல்லி வாங்காதீங்க, மீனப் பாத்து வாங்குங்க. வஞ்சிரத்துக்கு வால் பக்கம் மேலயும் கீழயும் குட்டிக் குட்டி துடுப்பு வரிசையா இருக்கும். ஷீலாவுக்கு கீழ்த்தாடை முன்னால நீட்டிட்டு இருக்கும், முதுகுல ரெண்டு துடுப்பும் நல்லா தள்ளித் தள்ளி இருக்கும். உடம்புல கோடு இருக்குன்னு நம்பிடாதீங்க, ஷீலாலயும் கோடு போட்ட வகை உண்டு. வெட்டின துண்டுன்னா வஞ்சிரம் தட்டையா முட்டை மாதிரி இருக்கும், ஷீலா உருண்டையா இருக்கும்.

ரெண்டுமே மத்த மீன துரத்திப் பிடிச்சு திங்கிற மீனுதான், ஆனா வஞ்சிரம் ஓயாம நீந்திட்டே இருக்கும், ஷீலா அசையாம நின்னு சட்டுன்னு பாயும், அந்த வித்தியாசம் கறிலயே தெரியுது. வஞ்சிரத் துண்டுல ஓரமா செவப்பு சதை ஓடுது, கறி கெட்டி, எண்ணெய்ப்பசை இருக்கு. தோசைக்கல்லுல மசாலா தடவி போட்டேன், திருப்புறப்ப ஒரு துண்டு கூட உடையல, நடு முள்ள எடுத்துட்டா பசங்க தானா சாப்பிடுறாங்க. ஷீலா வெள்ளக் கறி, மெத்துன்னு இருக்கு, வறுத்தா கொஞ்சம் வறண்டு போகுது, ஆனா புளிக்குழம்புல போட்டா சாறு உள்ள வரைக்கும் எறங்கி அப்படி ஒரு ருசி!

விலைன்னு பாத்தா நான் வாங்கின அன்னிக்கு வஞ்சிரம் கிலோ 950, ஷீலா 450. ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறப்ப வஞ்சிரம் இன்னும் எகிறிடும். ஆக வறுவலுக்கு கண்ண மூடிட்டு வஞ்சிரம், குழம்புக்கு அவ்ளோ காசு போட்டு வாங்க வேணாம்.

ஒரு விஷயம் கட்டாயம் சொல்லணும். வஞ்சிரம் ஐஸ் இல்லாம வெயில்ல கெடந்துச்சுன்னா தொடாதீங்க, ஹிஸ்டமின்னு அலர்ஜி மாதிரி பண்ற ஒரு பொருள் மீன்ல ஏறிடும், அப்புறம் எவ்ளோ வேக வச்சாலும் போகாது, முகமெல்லாம் செவந்து அரிக்கும். பவளப்பாறை பக்கம் பிடிச்ச ரொம்பப் பெரிய ஷீலாவும் வேணாம், அதுல சிகுவடாக்சின்னு ஒரு நஞ்சு சேர வாய்ப்பு இருக்கு, அதுவும் சமைச்சா போகாது. ரெண்டு மூணு கிலோ சைஸ் போதும்.

வெட்டிக் குடுத்த அக்கா, "வஞ்சிரத் தலைய விட்டுட்டு போவாத தம்பி, கொழம்புல போடு"ன்னு தனியா கட்டிக் குடுத்தாங்க. தலையையும் ஷீலாவையும் ஒரே மண்சட்டில போட்டேன். மறுநாள் காலைல இட்லிக்கு சித்தி அந்தக் குழம்பத்தான் ரெண்டு தடவ கேட்டு ஊத்திக்கிட்டாங்க, வறுவல் பக்கம் கையே போகல.