கன்வெர்ட்டரை அறுக்காமல் போலோ ஜி.டி.க்கு வேகம் ஏற்றித் தந்த நாகர்கோவில் ஒர்க்‌ஷாப்

புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை அறுத்து எடுத்தால்தான் வண்டிக்கு வேகம் வரும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். நான் நம்பினேன். அப்படியே 2 வருடம் ஓட்டிவிட்டு, கடைசியில் பார்வதிபுரம் பக்கம் இருக்கிற ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்ச் சரிசெய்தேன். ஒரு நேரத்தில் இரண்டு வண்டிக்கு மேல் எடுப்பதில்லை, பெயரைப் போட்டுக் கூட்டம் சேர்த்துவிடாதே என்று அதை நடத்துகிற அண்ணாச்சி கேட்டுக்கொண்டதால் கடைப் பெயர் எழுதவில்லை. வேலை எப்படி இருந்தது என்பதை மட்டும் முழுதாகச் சொல்கிறேன்.

என் வண்டி 2017 போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்பதா என்று சிலர் கேட்பார்கள், ஆனால் 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 105 குதிரைத்திறன், 7 கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்று இந்த விலையில் வந்த வண்டிக்கு வேறு என்ன பெயர் சொல்ல என்று எனக்குத் தெரியவில்லை. வேலை திருவனந்தபுரத்தில், வாரம் 5 நாள் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று அந்த நெரிசலில் ஊர்ந்துதான் போகிறேன். வேகம் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான்.

எஞ்சின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றிப் பவர் கூட்டும் வெளியூர் ட்யூனர் ஒருவரிடம் முதலில் விட்டபோது கன்வெர்ட்டரைக் கழற்றி நேர்க் குழாய் வைத்தார், கம்ப்யூட்டரில் அதற்கான எச்சரிக்கை விளக்கு எரியாதபடி அந்த எச்சரிக்கைக் குறியீட்டையே அணைத்துவிட்டார். சத்தம் வந்தது, நானும் அதைத்தான் பவர் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் போர்ட்டிகோவில் கண் எரியும், அம்மா காயப்போட்ட துணியில் எல்லாம் பெட்ரோல் வாடை. கழற்றிய கன்வெர்ட்டரைத் திருப்பிக் கேட்டேன், குப்பையில் போட்டாச்சு என்றார். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கும் சாமானை யாரும் குப்பையில் போட மாட்டார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

போன மாதம் புகைச் சான்றிதழ் எடுக்கப் போனேன். பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி) பெட்ரோல் வண்டிக்கு ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும் ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.மையும் தாண்டக்கூடாது. எனக்கு 0.74, 310. செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம் போட முடியும். பணத்தை விடுங்கள், அந்தத் தாளைப் பார்த்ததும் இதைத்தான் இத்தனை நாள் வீட்டு வாசலில் கக்கவிட்டிருக்கிறோம் என்று மனசு கேட்கவில்லை.

பார்வதிபுரம் அண்ணாச்சியிடம் போய், இன்னும் பவர் கூட்ட வேண்டும், சான்றிதழும் வேண்டும் என்றேன். "மக்கா, முதல்ல இருக்க வேண்டிய பவர் இருக்கான்னு பாப்போம்" என்றார். இரண்டு நாள் வண்டியை வைத்துக்கொண்டு அவர் பார்த்த பார்வைக்கே நான் தனியாக மார்க் போடுவேன். இன்டேக் குழாய்களுக்குள் புகையை ஏற்றி எங்கே காற்று கசிகிறது என்று தேடி, டர்போவுக்குப் பின்னால் ஒரு ஹோஸில் விரிசல் கண்டுபிடித்தார். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி வால்வுகளை எனக்கே காட்டினார், கரி அப்பிக் கிடந்தது. இந்த எஞ்சினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. அதனால் பழைய எஞ்சின்களில் நடப்பதுபோல் பெட்ரோல் பட்டு வால்வு கழுவப்படுவதில்லை, எண்ணெய் ஆவி படிந்து படிந்து கரியாகிவிடும். வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்தார். ஸ்பார்க் பிளக்கும் ஒரு இக்னிஷன் காயிலும் மாற்றினார். இவ்வளவு செய்ததற்கே பாதி வேகம் திரும்பி வந்துவிட்டது, நான் புதுப் பவர் என்று தேடிக்கொண்டிருந்தது என் வண்டியிலேயே தொலைந்துபோன பவர்.

அப்புறம் புது கன்வெர்ட்டர். செலவில் பாதிக்கு மேல் இதற்கே போனது, வலித்தது. "டர்போ வண்டியில ஸ்டேஜ் 1 ட்யூனுக்கு கன்வெர்ட்டர் ஒரு தடையே இல்லடே, அதை எடுத்தாதான் பவர்னு சொல்றவனுக்கு சாஃப்ட்வேர் ஒழுங்கா எழுதத் தெரியல்லன்னு அர்த்தம்" என்றார். ஸ்டேஜ் 1 என்றால் பாகங்களை மாற்றாமல் சாஃப்ட்வேரை மட்டும் மாற்றுவது. அவர் விளக்கியது இதுதான். கன்வெர்ட்டர் மூன்று வேலை செய்கிறது, கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் எரித்து முடிக்கிறது, நைட்ரஜன் ஆக்சைடை மறுபடி நைட்ரஜனாக்குகிறது. மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டுமென்றால் காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில், சுத்தப் பெட்ரோலுக்கு 14.7-க்கு 1 என்று, நிற்க வேண்டும். கொஞ்சம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒன்று கெட்டுவிடும். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது, அதற்கு அந்த விகிதமே குறையும். பழைய ட்யூனில் வண்டி பெட்ரோலைக் கூட்டிக் கூட்டித் தன்னைத்தானே சமாளித்துக்கொண்டிருந்ததை லேப்டாப்பில் காட்டினார்.

ஆகவே புது ட்யூன் ஃபைலில் ஐடிலிலும் சாதாரண ஓட்டத்திலும் அந்த விகிதத்தை அவர் தொடவே இல்லை. டர்போ அழுத்தத்தையும் இக்னிஷன் டைமிங்கையும் மட்டும் அளவாகக் கூட்டினார். கம்பெனி கொடுத்த முறுக்குவிசை (டார்க்) 175 நியூட்டன் மீட்டர், இவர் 215-இல் நிறுத்திவிட்டார். இந்த உலர் கிளட்ச் கியர்பாக்ஸின் தாங்கும் அளவே 250-தான், விளிம்புவரை போனால் கிளட்ச் செலவை நீ தாங்க மாட்டாய் என்றார். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரையும் அணைத்துக் கிடந்த எச்சரிக்கைக் குறியீட்டையும் மறுபடி உயிர்ப்பித்தார். எனக்குப் பிடித்தது இதுதான், இனி கன்வெர்ட்டர் கெட்டால் விளக்கு எரிந்து எனக்குச் சொல்லும்.

மறுபடி சோதனை: கார்பன் மோனாக்சைடு 0.02, ஹைட்ரோகார்பன் 18. எஞ்சினை 2500 சுற்றில் வைத்துப் பார்த்ததில் லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதம் சரியாக இருந்தால் 1 காட்டும் அளவு) 1.00, அனுமதி 0.97 முதல் 1.03 வரை. ஆனால் இந்தச் சோதனை நிறுத்தி வைத்த வண்டியில் எடுப்பது, முழு ஆக்சிலேட்டரில் என்ன வருகிறது என்று காட்டாது. 2023 ஏப்ரல் முதல் புது மாடல்களைச் சாலையில் ஓட்டியே அளக்கிறார்கள், என் வண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அப்படியிருந்தும் அவர் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்து, வெள்ளமடம் தாண்டி ஆரல்வாய்மொழி வரை என்னை ஓட்டவைத்து, விகிதம் எங்கே விலகுகிறது என்று பதிவு பார்த்து இரண்டு தடவை ஃபைலைத் திருத்தினார். காற்றாலைகள் பக்கம் குறுக்குக் காற்றில் மூன்றாவது கியரில் ஒரு லாரியைத் தாண்டினேன் பாருங்கள், சத்தமே இல்லாமல், இழுத்துக்கொண்டு போனது.

சட்டத்தையும் அவரே எடுத்துச் சொன்னார். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கறாராகத்தான் பார்த்தது. வேறு எஞ்சின் வைப்பதென்றால் ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும், அந்த வேலையை அவர் தொடுவதே இல்லை. ட்யூனும் மாற்றம்தான், பொறுப்பு வண்டிக்காரனுக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரிஜினல் ஃபைலைப் பென்டிரைவில் தந்தார். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நான் எழுதிக் கொடுத்துவிட்டேன், நீங்களும் கொடுங்கள்.

மொத்தம் 1,34,000 ரூபாய். கன்வெர்ட்டர் 72,000, ட்யூன் 32,000, மீதி சுத்தம் செய்தது, சாமான், கூலி. ஒவ்வொன்றுக்கும் பில் உண்டு.

குறையும் உண்டு. 4 நாள் என்று சொல்லி 9 நாள் ஆக்கினார், கன்வெர்ட்டர் வர லேட்டாம். சரி, அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், நான் 5 நாள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். போனை எடுக்கவே மாட்டார், நேரில்தான் போக வேண்டும். குதிரைத்திறனை அளக்கும் டைனோ மெஷின் கிடையாது, அதனால் இத்தனை குதிரைத்திறன் என்று அச்சடித்த தாள் கேட்பவர்களுக்கு இந்த இடம் சரிவராது. உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை, வெயிலில் நிற்க வேண்டும்.

போவதாக இருந்தால் காலை 10 மணிக்கு முன்னால் போங்கள், பழைய புகைச் சோதனைத் தாளையும் ஆர்.சி.யையும் எடுத்துக்கொள்ளுங்கள். கன்வெர்ட்டர் ஏற்கெனவே கழற்றிய வண்டி என்றால் அதை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள், மறைத்துவைத்தால் அவருக்குக் கோபம் வரும்.