நன்றாக வெட்டும் ஷ்ரெட்டர், கைக்கு எட்டாத ஸ்விட்ச்

பழுதுபார்த்துத் திரும்பி வந்திருக்கும் எங்கள் அலுவலகத்தின் ஷ்ரெட்டரை, அதாவது தாள்களைத் துண்டுதுண்டாக வெட்டும் இயந்திரத்தைப் பார்த்த நண்பர் ஒருவர், அதே மாடலைத் தம் அலுவலகத்துக்கும் வாங்கலாமா என்று கேட்டார். ஒரே சொல்லில் பதில் சொன்னால் அது இயந்திரத்துக்கும் நியாயமாகாது, அவருக்கும் பயன்படாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வெட்டும் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆவணங்களை அழிப்பதற்கான ஜெர்மன் தரநிலையான டிஐஎன் 66399-இன் பி-4 நிலைப்படி ஒரு துண்டின் பரப்பு 160 சதுர மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. அதாவது ஓர் ஏ4 தாள் ஏறத்தாழ 390 துண்டுகளாவது ஆகிவிடும். அந்த வேலையை இது சத்தமில்லாமல், சிறிய ஸ்டேப்ளர் பின்களையும் சேர்த்தே விழுங்கிச் செய்கிறது. தொட்டியை வெளியே இழுத்தால் மோட்டார் உடனே நின்றுவிடுகிறது.

என் கோபமெல்லாம் தானியங்கி சென்சாரின் மீதும், பின்புறத்தில் ஒளிந்திருக்கும் ஸ்விட்ச்சின் மீதும்தான். தாளைச் செருகும் வாய்க்குள் எது நுழைந்து சென்சாரின் ஒளிக்கதிரை மறைத்தாலும் வெட்டுருளைகள் சுழலத் தொடங்கிவிடும். தாளா, துணியா, தலைமுடியா என்று சென்சாருக்குத் தெரியாது. சில வாரங்களுக்கு முன் சக ஊழியர் ஒருவர் குனிந்து தாளைச் செருகியபோது, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடாவும் உள்ளே போய்விட்டது. மேற்புறத்தில் நிறுத்தும் பொத்தான் கிடையாது. சுவருக்கும் இயந்திரத்துக்கும் இடையே கையை நுழைத்து நான் ஸ்விட்ச்சைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பிடரிப் பக்கம் இருந்த பிளாஸ்டிக் கொக்கி தானாகக் கழன்று அவரைக் காப்பாற்றியது. இழுத்தால் கழன்றுகொள்ளும் அந்தக் கொக்கி எல்லா நாடாக்களிலும் இருப்பதில்லை என்பதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. உருளையில் சுற்றிக்கொண்ட நாடாவை எடுக்கத்தான் இந்தப் பழுதுபார்ப்பு.

இன்னொன்றும் உண்டு. நீண்ட நேரம் ஓடிச் சூடேறினால் மோட்டார் நின்றுவிடுகிறது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிக்கிய தாள் சென்சாரின் முன்னாலேயே இருந்தால், சூடு தணிந்ததும் எந்த எச்சரிக்கையும் இன்றித் தானே மீண்டும் ஓடுகிறது. இயந்திரம் அணைந்துவிட்டது என்று நம்பி அந்த நேரத்தில்தான் எல்லோரும் தாளைப் பிடித்து இழுக்கிறார்கள். பிளக்கைப் பிடுங்காமல் அதன் வாயருகே கை கொண்டுபோவதை நான் இப்போது யாருக்கும் அனுமதிப்பதில்லை.

தூசியை அகற்ற அழுத்தக் காற்று ஸ்ப்ரேயைப் பயன்படுத்துவதையும் நிறுத்திவிட்டோம். பழுதுபார்த்தவர் அதைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அந்தப் புட்டிகள் பலவற்றில் இருப்பது எரியக்கூடிய வாயு. தொட்டிக்குள் அது தேங்கியிருக்கும்போது மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் பிரஷ்ஷிலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும், தீப்பிடித்துவிடும். ஸ்ப்ரே வடிவில் வரும் எண்ணெய்க்கும் இதே தடைதான். புட்டியிலிருந்து சொட்டாக ஊற்றும் ஷ்ரெட்டர் எண்ணெயை ஒரு தாளில் தடவி உள்ளே விடுவதே சரி.

இத்தனை நன்றாக வெட்டும் இயந்திரத்தை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நண்பரே, வெட்டும் தரம் ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை, மேற்புறத்தில் கை பட்டதும் நிற்கும் பொத்தான் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். நின்ற மோட்டார், மறுபடி பொத்தானை அழுத்தினால் மட்டுமே ஓடுகிறதா என்பதையும் கடையிலேயே கேட்டுவிடுங்கள்.