ஆட்டிசக் குழந்தைக்குக் கைரோபிராக்டிக்கா, ஓ.டி.யா, பேச்சுப் பயிற்சியா?

ஆட்டிசம் என்று உறுதியான மாதமே பெற்றோருக்கு நாலா பக்கமிருந்தும் யோசனைகள் வரும். ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி.), இப்போது கூடவே முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருத்தும் கைரோபிராக்டிக். மூன்றுக்கும் 'தெரபி' என்ற ஒரே முத்திரை விழுவதால் எதை எடுத்தாலும் ஒன்றுதான் போலத் தெரியும். ஆனால் குழந்தையிடம் எதை மாற்றப் போகிறோம் என்று ஒவ்வொன்றையும் கேட்டால் வேறுபாடு தெரிந்துவிடும்.

கைரோபிராக்டிக்கை 1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் தொடங்கினார். முதுகெலும்புக் கண்ணிகள் இடம் விலகி நரம்பை அமுக்குவதுதான் நோய்களுக்கு வேர் என்பது அவர் கணக்கு. இந்த விலகலுக்கு 'சப்லக்சேஷன்' என்று பெயர். பிரிட்டனில் இத்தொழிலை நெறிப்படுத்தும் கவுன்சிலே 2010-ல், இது ஒரு பழைய கருத்து, நோய்க்கு இதுவே காரணம் என்று சொல்ல ஆய்வு ஆதாரம் இல்லை என்று அறிவித்துவிட்டது. ஆட்டிசமோ மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. அதில் மரபணுவின் பங்கு பெரிது. கழுத்தெலும்பைத் திருத்தி அங்கே சரிசெய்ய எதுவும் இல்லை.

அறைக்குள் நடப்பது இதுதான்: குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து விரலால் அழுத்துவார்கள், அல்லது சிறிய ஸ்பிரிங் கருவியால் 'டிக்' என்று தட்டுவார்கள். கையால் முறிக்கும்போது கேட்கிற 'படக்' எலும்பு இடம் திரும்பிய சத்தமல்ல. மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாக்கும் சத்தம், விரலில் நெட்டி முறிப்பது போலத்தான். ஆதாரமாகக் காட்டப்படும் 2006 ஆய்வில் இருந்தது 14 குழந்தைகள். இரு குழுவுக்கும் கைரோ சிகிச்சையே தரப்பட்டது. சிகிச்சை பெறாத குழு இல்லாமல் எதோடு ஒப்பிடுவது?

ஓ.டி. எடுத்துக்கொள்வது அன்றாட வேலைகளை: பல் துலக்க விடுவது, சட்டை லேபிள் உறுத்தலைத் தாங்குவது, பென்சில் பிடிப்பது. 2014-ல் வந்த ஒரு சோதனையில் 32 குழந்தைகளில் ஒரு குழுவுக்கு 10 வாரத்தில் 30 அமர்வு தரப்பட்டது. ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே எழுதிவைத்த இலக்குகளில் அந்தக் குழு முன்னேறியது. சோதனை சிறியதுதான். ஆனால் எழுதிய இலக்கு என்பதே பாதி வேலை. இலக்கில்லாமல் ஊஞ்சலில் ஆட்டிவிட்டு அனுப்பினால் அது ஓ.டி. அல்ல, பூங்கா.

மூன்றில் எங்கள் தேர்வு பேச்சுப் பயிற்சி, அதிலும் பெற்றோர் வழியான தொடர்புப் பயிற்சி. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-ல் வெளியான சோதனையில், நிபுணர் அல்லாத பணியாளர்களே பெற்றோருக்கு 12 அமர்வு பயிற்சி தந்தார்கள். குழந்தைகள் தாங்களாகப் பெற்றோருடன் தொடர்பைத் தொடங்குவது கூடியது. செலவு குறைவு, வீட்டிலேயே நடக்கும். குழந்தை தண்ணீர் பாட்டிலை நீட்டினால் "இது என்ன? சொல்லு, சொல்லு" என்று துருவக் கூடாது. கண் மட்டத்துக்கு இறங்கி, "தண்ணி" என்று ஒரே சொல், பிறகு மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை மௌனம். பெரும்பாலும் சறுக்குவது இந்த மௌனத்தில்தான். இரண்டு எண்ணுவதற்குள் நாமே மூடியைத் திறந்து கொடுத்துவிடுவோம், குழந்தைக்குக் கேட்க வேண்டிய தேவையே இராது.

"கைரோ போனபின் நல்லாத் தூங்குறான்" என்பதைப் பொய் என்று சொல்ல வேண்டாம். அழுத்தம் சில குழந்தைகளுக்குப் பிடிக்கும், அன்று மாலை அமைதியாக இருப்பார்கள். கூடவே குழந்தை தானாகவும் வளர்கிறது. ஆட்டிசத்துக்கு உதவும் என்று நம்பப்பட்ட செக்ரெட்டின் என்ற குடல் ஹார்மோன் ஊசியின் 1999 சோதனையில் வெறும் உப்புநீர் பெற்ற குழந்தைகளும் முன்னேறினார்கள். பலனில்லை என்று சொன்ன பிறகும் பெற்றோரில் பெரும்பாலோர் அந்த மருந்தைக் கேட்டார்கள். ஆகவே எதைத் தொடங்கினாலும் ஒரே ஒரு நடத்தையை எடுத்து, சிகிச்சைக்கு முன் இரண்டு வாரம் அது எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு சிகிச்சை வேண்டாம். எது உதவியது என்று பிரிக்க முடியாது.

தலையை முட்டுவது, இரவில் அலறுவது என்று திடீரென்று தொடங்கினால் காது, பல், மலச்சிக்கல் மூன்றையும் குழந்தை மருத்துவர் முதலில் பார்க்கட்டும். அதற்கு முன் கைரோ மேசைக்குப் போனால் சீழ்பிடித்த காது இன்னும் ஒரு வாரம் வலிக்கும். சொல்லத் தெரியாத குழந்தை அது.

கழுத்தைச் சுண்டித் திருப்புவதற்கு மட்டும் எந்தக் காரணத்துக்கும் சம்மதிக்காதீர்கள். ஆட்டிசத்தோடு டவுன் சிண்ட்ரோமும் இருந்தால் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் தளர்ந்திருக்கலாம், தண்டுவடம் நசுங்கும் ஆபத்து உண்டு. 'விலகலைக் காட்ட' முழு முதுகுக்கும் எக்ஸ்ரே கேட்டாலோ, மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொன்னாலோ எழுந்து வந்துவிடலாம். பேச்சுப் பயிற்சியாளரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு செய்தவர் தயங்காமல் காட்டுவார்.