விடாமல் பேசும் ரேடாரா, விட்டுவிட்டுப் பேசும் ரேடாரா?

ரேடார் என்றதும் குறுகிய ரேடியோ அலைத் துடிப்பு ஒன்றை அனுப்பிவிட்டு எதிரொலிக்காகக் காத்திருக்கும் கருவிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் 1922-இல் அமெரிக்கக் கடற்படையின் டெய்லரும் யங்கும் பொட்டோமாக் ஆற்றில் சென்ற கப்பலை உணர்ந்தது இடைவிடாத அலையைக் கொண்டுதான். 1935 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தின் டாவென்ட்ரி அருகே வாட்சன் வாட்டும் வில்கின்ஸும் ஹேஃபோர்டு விமானத்தைக் கண்டறிந்ததும் பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பை வைத்தே. மூத்தது தொடர் அலை. பெயர் வாங்கிக்கொண்டது துடிப்பு.

காரணம் தூரம். துடிப்பு போய்த் திரும்பிய நேரத்தில் ஒவ்வொரு மைக்ரோ விநாடிக்கும் 150 மீட்டர் என்று கணக்கிட்டால் இலக்கின் தூரம் கிடைத்துவிடும். வெறும் தொடர் அலையில் எந்தப் பகுதி எப்போது கிளம்பியது என்பதற்கு அடையாளமே இல்லை. எனவே தூரம் தெரியாது.

வேகத்தில் நிலைமை தலைகீழ். 10 கிகா ஹெர்ட்ஸ் ரேடாரை நோக்கி விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வரும் விமானம், எதிரொலியின் அதிர்வெண்ணைச் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் உயர்த்துகிறது. மலையும் மரமும் தரும் எதிரொலிகள் ஏறக்குறைய அதிர்வெண் மாறாமல் சுழியிலேயே கிடக்கும், வடிகட்டி எறிந்துவிடலாம். டாப்ளர் எனப்படும் இந்த அதிர்வெண் மாற்றத்தைத் துடிப்பு ரேடாரும் பார்க்கும்தான். ஆனால் 3 செ.மீ. அலைநீளத்தில் விநாடிக்கு 1,000 துடிப்புகள் அனுப்பினால், மணிக்கு 54 கி.மீ., 108 கி.மீ. என வரும் மடங்குகளில் நகரும் பொருள் நின்றுகொண்டிருப்பதுபோலத் தோன்றும். துடிப்புகளை நெருக்கினால் இந்தக் குருட்டு வேகங்கள் விலகும்; உடனே எந்த எதிரொலி எந்தத் துடிப்புடையது என்று தெரியாமல் தூரம் குழம்பும். தொடர் அலைக்கு இந்தத் தொல்லை கிடையாது. அமெரிக்காவின் ஹாக் வான்பாதுகாப்பு ஏவுகணை அமைப்பில் உயரப் பறப்பவற்றைத் தேடத் துடிப்பு ரேடார், தாழப் பறப்பவற்றுக்குத் தொடர் அலை ரேடார் என இரண்டையும் வைத்தார்கள். இலக்கின் மேல் அலையைப் பாய்ச்சி ஏவுகணைக்கு வழிகாட்டியதும் தொடர் அலைதான்.

அப்படியானால் நெடுந்தூரக் கண்காணிப்புக்கும் அதையே வைக்கலாமே? எளிதில் முடியாது. வாயை மூடாமல் பேசுகிறவர் எதிராளியின் முணுமுணுப்பை எப்படிக் கேட்பார்? ஒலிபரப்பியின் ஆற்றல் பக்கத்திலேயே இருக்கும் வாங்கியில் கசிகிறது. அதன் இரைச்சல் மெல்லிய எதிரொலியை மூழ்கடிக்கிறது. இதற்காகவே இரண்டு ஆன்டெனாக்கள், நடுவில் மறைப்பு, கசிவை நீக்கும் மின்சுற்று என்று பாடுபடுகிறார்கள். துடிப்பு ரேடாரோ கத்தும்போது காதைப் பொத்திக்கொள்கிறது. ஒரே ஆன்டெனாவும் அதற்குப் போதும். அதன் 10 லட்சம் வாட் உச்சத்தைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. ஒரு மைக்ரோ விநாடித் துடிப்பு, விநாடிக்கு 1,000 முறை என்றால் சராசரி வெறும் 1,000 வாட். அந்தச் சராசரியைத் தொடர் அலை அடக்கமாகவே கொடுத்துவிடும். கசிவுதான் அதன் கையைக் கட்டுகிறது.

மூன்றாவது வழியும் உண்டு: அதிர்வெண்ணைச் சீராக ஏற்றி இறக்கி, தொடர் அலைக்கே நேர அடையாளம் குத்துவது. 1924-இல் ஆப்பிள்டனும் பார்னெட்டும் வானில் ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தின் உயரத்தை அளந்தது ஏறக்குறைய இப்படித்தான். விமானங்களின் ரேடியோ உயரமானிகளும் கார்களின் 77 கிகா ஹெர்ட்ஸ் ரேடார்களும் இந்த வகையே. 1 கிகா ஹெர்ட்ஸ் அகலத்துக்கு அதிர்வெண்ணை ஓட்டினால் 15 செ.மீ. இடைவெளியில் உள்ள இரு பொருள்களைப் பிரித்தறியலாம். சாதாரணத் துடிப்பால் இதைச் செய்ய அதை ஒரு நானோ விநாடிக்குச் சுருக்க வேண்டும். கிட்டத்து வேலைகளில் இதற்கு நிகராக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

வெறும் தொடர் அலையை ஏமாற்ற ஒரு வழி உண்டு. ரேடாரை நோக்கி வராமலும் விலகாமலும் குறுக்கே பறந்தால் டாப்ளர் சுழியாகிவிடும். மரங்களோடு சேர்த்து விமானத்தையும் ரேடார் வடிகட்டி எறிந்துவிடும். அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டருக்கும் அதே மறைவு கிடைத்திருக்க வேண்டும். ஆனால் அதன் சுழலும் இறக்கைகள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.