‘முழுசா ரெஸ்டோர் பண்ணினது’ என்று விற்கப்படும் பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பர்: காசு கொடுக்குமுன் படிக்கவும்

இங்கிலாந்தில் பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன் (உள்ளேயே தங்கிப் படுக்க வசதியுள்ள வண்டி), அதிலும் 1967 முதல் 1979 வரை ஜெர்மனியில் வந்த ‘பே விண்டோ’ மாடல், வாங்கக் கிளம்பியிருப்பவர்களுக்கான எச்சரிக்கை இது. ‘எல்லா வேலையும் முடிந்தது, சாவியைப் போட்டு ஓட்டிக்கொண்டு போகலாம்’ என்று விளம்பரம் செய்து விற்ற ஒரு 1973 வண்டியைப் பிரித்ததில் வெளிவந்தவை கீழே. விற்ற இடத்தின் பெயர் வேண்டாம். இதே கைவரிசை வேறு இடங்களிலும் நடக்கிறது.

வெளியே இரட்டை நிறப் பெயிண்ட் பளபளக்கிறது. உள்ளே புது மெத்தை, புதுத் திரைச்சீலை. அடியில் கெட்டியாகக் கறுப்பு அண்டர்சீல், அதாவது துரு தடுக்கும் தார்ப்பூச்சு. இந்தக் கறுப்பைப் பார்த்ததுமே சந்தேகம் வரவேண்டும். ஒழுங்காக வெல்டிங் செய்தவர் அந்த வேலையைக் காட்டத்தான் பார்ப்பார், தார் பூசி மூடமாட்டார்.

இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சுமை தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி வெளி, நடு, உள் என்று மூன்று அடுக்குத் தகடு. மூன்றும் சேர்ந்தால்தான் வண்டி நடுவில் தொய்யாமல் நிற்கும். சரியான வேலை என்றால் துருப்பிடித்ததை வெட்டி எடுத்து, உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு அடுக்காகப் புதுத் தகடு வைக்க வேண்டும். இந்த வண்டியில் உளுத்துப்போன பழைய சில்லின் மேலேயே ஒரு புதுத் தகட்டை ஒட்டு வைத்து, விளிம்பில் பட்டி போட்டுத் தேய்த்துவிட்டார்கள். தண்ணீர் வடிய வழியில்லை. தகட்டை அறுத்தபோது நடு அடுக்கு இருந்த இடத்தில் ஈரத் துருச் செதில்கள்தான் கொட்டின. பின்சக்கர வளைவு இன்னும் மோசம்: ஓட்டைக்குள் கட்டிட வேலைக்கான ஃபோம் அடித்து, மேலே ஃபைபர் வலையும் பட்டியும். ஃபோம் பஞ்சுபோல ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது.

இதை வாங்குமுன்னே பிடித்திருக்கலாம். துணி சுற்றிய பலவீனமான காந்தத்தைச் சில், சக்கர வளைவு, முன்கண்ணாடியின் கீழ் விளிம்பு, பேட்டரித் தட்டைச் சுற்றிய இடம் எங்கும் நகர்த்துங்கள். பட்டி தடிமனான இடத்தில் ஒட்டாது. பெயிண்ட் தடிமன் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. 1000 மைக்ரானைத் தாண்டினால் அடியில் பட்டிதான். அடுத்து, விற்பவர் சம்மதத்தோடு பின் ஜாக் பாயின்டில் வண்டியைத் தூக்கி, நகரும் கதவின் இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி மாறினாலோ கதவு இறுகினாலோ சில் செத்துவிட்டது. (ஜாக்கை மட்டும் நம்பி அடியில் தலையைக் கொடுக்காதீர்கள்.)

எஞ்சின் ‘புதுசா கட்டினது’ என்றார்கள். 1600 சிசி எஞ்சினில் இதைச் சோதிப்பது சுலபம். எஞ்சினை நிறுத்திவிட்டு, கீழ்ப் புல்லியை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். ‘டக் டக்’ என்று கைக்குத் தெரிந்தால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஆடுகிறது. டயல் கேஜில் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) இந்த ஆட்டம் 0.07 முதல் 0.13 மி.மீ. வரை இருக்கலாம், 0.15 தாண்டினால் பிரித்தே ஆகவேண்டும். எஞ்சினைச் சுற்றிய தகடுகளும் ரப்பர் சீலும் இருக்கின்றனவா பாருங்கள். இல்லாவிட்டால் கீழிருக்கும் சூடான காற்றையே ஃபேன் திரும்ப இழுக்கும், எஞ்சின் சூடேறிச் சாகும்.

பெட்ரோல் ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வராதீர்கள், ஏற்றிக் கொண்டுவாருங்கள். 2021 செப்டம்பரிலிருந்து அங்கே சாதாரண பெட்ரோலே இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. அந்த எத்தனால் பழைய ரப்பரை அரிக்கும். பெட்ரோல் கசிந்து மெக்னீசியக் கலவை எஞ்சின் உடம்பு தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தர ஹோஸ்தான் போடவேண்டும். டேங்க் பக்கத்து ஹோஸை மாற்ற எஞ்சினையே இறக்கணும் என்பதால், கண்ணுக்குத் தெரியும் துண்டை மட்டும் மாற்றிவிட்டு ‘எல்லாம் புதுசு’ என்பார்கள்.

எஞ்சின் அறையில் வலப்பக்கம் அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணை (வண்டியின் அடையாள எண்) வி5சி பதிவுத்தாளோடு ஒப்பிடுங்கள். மூன்றாம் இலக்கம் மாடல் ஆண்டு. அது ஆகஸ்டில் தொடங்கும் என்பதால் 1973 கடைசியில் பதிவான வண்டியில் 4 இருந்தால் தப்பில்லை. எண்ணைச் சுற்றி வெல்டிங் தழும்பு தெரிந்தால் பேரமே வேண்டாம்.

‘40 வருஷம் தாண்டியது, எம்ஓடி (வருடாந்திரத் தகுதிச் சோதனை) தேவையில்லை’ என்பது உண்மைதான். பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 2018 மே முதல் அந்த விலக்கு உண்டு. ஆனால் சட்டம் கேட்காததால் யாரும் அடியில் பார்ப்பதில்லை. நீங்கள் சொல்லும் நிலையத்தில் புதிதாக எம்ஓடி எடுத்துத் தரச் சொல்லுங்கள். பல ஆயிரம் பவுண்டு கேட்பவர் அந்தச் சின்னக் கட்டணத்துக்கு மூக்கால் அழுதால் காரணம் இருக்கும். பழைய எம்ஓடி விவரத்தை அரசுத் தளத்தில் பதிவெண்ணைப் போட்டு இலவசமாகவே பார்க்கலாம்.

வியாபாரியிடம் வாங்கினால் முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் நேராக அவரிடமே கட்டுங்கள். வண்டி விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்தால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. கோளாறுள்ள வண்டியை 30 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. இதனால்தான் சில வியாபாரிகள் ‘என் சொந்த வண்டி’ என்று தனியாள் வேஷம் போடுகிறார்கள். தனியாளிடம் வாங்கினால் இந்த இரண்டும் கிடையாது, விளம்பரத்தில் சொன்னபடி வண்டி இல்லை என்று மட்டும்தான் வாதாடலாம். அதனால் முதல் வேலையாக அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விற்றதும் அதை நீக்கிவிடுவார்கள்.