ஐ.டி.டி.எஸ்.ஐ. அளவுகோல்: பராமரிப்பு இல்லத்தில் எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது

பக்கவாதம், பார்க்கின்சன், மறதிநோய் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவதே பெரும்பாடு. தண்ணியாக எதைக் கொடுத்தாலும் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் உண்டு. அதனால் சிலருக்குப் பானத்தைக் கெட்டியாக்கியும் உணவை மசித்தும் கொடுக்கச் சொல்வார்கள். எவ்வளவு கெட்டி என்பதில்தான் வில்லங்கம். "கொஞ்சம் கெட்டியா", "தேன் பதத்துல" என்று நோட்டில் எழுதிவைத்தால் பகல் ஷிப்டில் ஒரு பதம், இரவு ஷிப்டில் வேறொரு பதம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்ததுதான் ஐ.டி.டி.எஸ்.ஐ. (IDDSI) அளவுகோல், அதாவது விழுங்கச் சிரமப்படுபவர்களின் உணவு, பானப் பதத்துக்கான சர்வதேச அளவுகோல். 2019-இல் திருத்திய பதிப்பு இணையத்தில் இலவசம். 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். பானங்களுக்கு 0–4, உணவுகளுக்கு 3–7. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிறமும் உண்டு, ஆனால் கருப்பு வெள்ளை நகலில் நிறம் போய்விடும். எண்ணையே எழுதுங்கள், எண்ணையே சொல்லுங்கள்.

சுவரில் ஒட்டும் படத்தைவிட இதில் மதிப்புள்ளது சோதனைகள்தான். பானத்துக்கு ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்ச் போதும். உள்தண்டை உருவிவிட்டு, முனையை விரலால் அடைத்து, 10 மி.லி. கோடு வரை ஊற்ற வேண்டும். விரலை எடுத்து, சரியாக 10 நொடியில் மறுபடி அடைக்க வேண்டும். மிச்சம் 1 மி.லி.க்குக் கீழே என்றால் நிலை 0. 1 முதல் 4 வரை நிலை 1. 4 முதல் 8 வரை நிலை 2. 8-க்கு மேல் நின்றாலும் கொஞ்சம் இறங்கியிருந்தால் நிலை 3. சொட்டுக்கூட இறங்காவிட்டால் நிலை 4. நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் இதைச் செய்யலாம், அதே விடை வரும்.

ஆனால் கைக்குக் கிடைத்த சிரிஞ்செல்லாம் சரிப்படாது. சுழியத்திலிருந்து 10 வரையிலான கோட்டு நீளம் 61.5 மி.மீ. இருக்க வேண்டும். குழாய் அகலமோ முனையோ மாறினால் விடையும் மாறும். மொத்தமாக வாங்குமுன் ஒன்றை ஸ்கேலால் அளந்து பார்ப்பது நல்லது.

உணவுக்கு ஃபோர்க்கே அளவுகோல். பெரியவர்களுக்கு நிலை 5-இல் துண்டின் அகலம் 4 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. பெரும்பாலான ஃபோர்க்குகளில் பல்லிடுக்கு அவ்வளவுதான். நிலை 6-இல் 1.5 செ.மீ., கிட்டத்தட்ட ஃபோர்க்கின் அகலம். கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு ஃபோர்க்கை அழுத்தினால் துண்டு நசுங்க வேண்டும், எடுத்த பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பக் கூடாது. குழந்தைகளுக்கு அளவுகள் சிறியவை: 2 மி.மீ., 8 மி.மீ.

குறை என்னவென்றால், பானத்தைக் கெட்டியாக்கும் பவுடரை எத்தனை ஸ்கூப் போட வேண்டும் என்று இது சொல்வதில்லை. அது பவுடருக்குப் பவுடர், பானத்துக்குப் பானம் மாறும். பாலில் கெட்டியாக அதிக நேரம் பிடிக்கும்; பொறுமையிழந்து இன்னொரு ஸ்கூப் போட்டால் சிறிது நேரத்தில் நிலை 2 கேட்டவருக்கு நிலை 4 கிடைக்கும். ஸ்டார்ச் பவுடர் வைக்க வைக்க இறுகும், எச்சில் பட்டால் நீர்த்துப்போகும். சாந்தன் கம் என்னும் பசை வகைப் பவுடரில் இந்தத் தொல்லை குறைவு. ஸ்டார்ச் கலந்த பானத்தில் மேக்ரோகால் மலமிளக்கியைக் கலக்கவே கூடாது, மொத்தமும் தண்ணியாகிவிடும்.

எனவே ஷிப்ட் மாறும்போது எண்ணோடு பவுடரின் பெயர், எத்தனை மி.லி.க்கு எத்தனை ஸ்கூப், எத்தனை நிமிடம் வைக்க வேண்டும் என்பதும் கைமாற வேண்டும். டப்பாவோடு வந்த ஸ்கூப் அந்த டப்பாவுக்கு மட்டும்தான். டப்பாவைப் பூட்டி வையுங்கள். உலர்ந்த பவுடரை வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையிலேயே அடைத்துவிடும்.

புதியவர்களுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டுவது வீண். பெயர் எழுதாத மூன்று கப்பைக் கொடுத்து எது எந்த நிலை என்று சிரிஞ்சால் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

பழைய மருத்துவக் கடிதத்தில் 'தேன் பதம்' என்றிருந்தால் நீங்களாகவே ஓர் எண் போட்டுவிடாதீர்கள். யாருக்கு எந்த நிலை என்று முடிவு செய்ய வேண்டியவர், பேச்சோடு விழுங்குவதையும் கவனிக்கும் நிபுணரான ஸ்பீச் தெரபிஸ்ட். கெட்டியான பானத்தைப் பலர் குறைவாகவே குடிப்பார்கள் என்பதால், நிலையைக் கூட்டும்போது நாள் முழுக்க உள்ளே போன மி.லி.யையும் குறித்துவாருங்கள், அவர் அடுத்த முறை வரும்போது முதலில் கேட்பது அதைத்தான்.